அத்தை சிரித்த சாரல்காலம்

ஆங்கிலத்தில் ‘ஃபே’ என்று ஒரு பெயரடை உண்டு. எஃப், ஈ, ஒய், மூன்றே எழுத்து. நான் ஆங்கில இலக்கியம் எடுத்து பி.ஏ. முடித்தவள். அந்தக் காலத்தில் தென்காசிக்கு மருமகளாக வந்தவர்களில் அப்படி எத்தனை பேர் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. ஆனால் அந்தச் சொல்லை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. முதன்முதலில் அதைக் கேட்டது எங்கள் வீட்டு இரண்டாம்கட்டில், பட்டப்பகலில். என் மாமியாரைப் பார்த்துவிட்டு ஒருவர் அதைச் சொன்னார்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதுவரை என்னிடம் அவள் பேசியதெல்லாம் அரிசி, பருப்பு, புளி. கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. வசவு கிடையாது, ஜாடைப்பேச்சு கிடையாது. ஆனால் அவள் நடந்து வரும் சத்தம் கேட்டாலே மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார். வயலும் வீடும் அவள் சொல்படிதான் நடந்தன. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போவதை அவள் தடுக்கவில்லை. அது பெருந்தன்மையா, பகல் முழுக்க என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதியா என்று எனக்கு விளங்கவே இல்லை.

செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்த ஆனியில் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெயிலும் அடித்தது, சாரலும் விழுந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். அத்தை அங்கே முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். துணிகள் நனைந்துகொண்டிருந்தன. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவளே திரும்பினாள். வாய்கொள்ளாச் சிரிப்பு. அத்தைக்கு இத்தனை அழகான பல்வரிசை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“ஏட்டி, அருவிச் சத்தம் கேக்குதா?” என்றாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல் தள்ளி இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ரயில் கூவுவது கேட்கும், பெரியகோவில் மணி கேட்கும். மொட்டைக் கோபுரத்துக்குள் காற்று புகுந்து ஊளையிடுவதுகூடச் சில நாட்களில் கேட்கும். அருவி கேட்காது.

“இல்லையே அத்தை.”

“எனக்குக் கேக்குது” என்று சொல்லி, என் கன்னத்தை ஈரக்கையால் தட்டிவிட்டு உள்ளே போனாள். நான் நனைந்த துணியோடு நின்றேன்.

மறுநாள் காலையில் என்னை இழுத்துப் பிடித்து உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். இதை நான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். ஹாஸ்டல் ஹாஸ்டலாக வளர்ந்தவள் நான். என் தலையை நானே வாரி, என் சிக்கை நானே வைதுகொண்டு எடுத்துப் பழகியவள். என் கழுத்துக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து, “என்ன முடிட்டி ஒனக்கு, கருகருன்னு! இத இப்டி வறட்டிப் போட்டிருக்கியே” என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எனக்கு அது போதவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மறுநாள் எப்போது விடியும் என்று இருந்தது. அத்தையும் ஒரு நாள் தவறவில்லை. பள்ளிக்கூடம் புறப்படுவதற்கு முன்னால் நான் சீப்பும் கையுமாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆய்க்குடியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது புளியமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுததை ஒருநாள் சொன்னாள். ஒருநாள் பாடினாள். பாட்டு என்று சொல்ல முடியாது, வார்த்தை இல்லாத ஓர் இழுவை, அவ்வளவுதான்.

அந்த நாட்களை நினைத்தால் சந்தோஷமும் வருகிறது, பயமும் வருகிறது. ஏனென்றால் எல்லாமே சரியாக இருக்கவில்லை. அவள் வரும் சத்தம் கேட்காமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். முகத்தில் இருந்த கோடுகளைக் காணவில்லை. மத்தியான வெளிச்சத்தில் பார்த்தால் என்னைவிட இரண்டு வயது மூத்தவள்போல இருந்தாள். சிரிக்கும்போது அவள் பார்வை என்மேல் இருக்காது. என் தோளுக்குப் பின்னால் யாரோ நின்று அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வதுபோல அங்கே பார்த்துச் சிரிப்பாள். ஒருதடவை நான் திரும்பிப் பார்த்தேன். ஈரம் கசிந்த சுவர்தான் இருந்தது.

ஒருநாள் சோறு கொதிக்கும் வெண்கலப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். பிடிதுணி அடுப்புத் திட்டிலேயே கிடந்தது. நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை சிவக்கக்கூட இல்லை. குளிர்ந்து கிடந்தது.

“என்னட்டி பாக்குத?”

“சுடலியா அத்தை?”

“சுட்டுச்சா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அப்புறம் பட்டுச்சேலைகளை எடுத்து, மாடு கழுவ வருகிறவளுக்கு ஒன்று, பூக்காரிக்கு ஒன்று என்று கொடுத்தாள். ஆய்க்குடியில் ஒரு தங்கச்சி இருந்தாள், ஏதோ ஒரு கல்யாணத்தில் மூண்ட சண்டைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வண்டி கட்டச் சொல்லி அவள் வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள். போன வேகத்தில் திரும்பிவிட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். தங்கச்சி பின்னாலேயே ஆள் அனுப்பி, “அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

எதிர்வீட்டு மதினிதான் அதைப் பெயர் சொல்லிச் சொன்னது. தண்ணீர் எடுக்கப் போகும்போது என்னை ஓரமாக இழுத்து, “ஒங்க அத்தைக்குச் சாக்களை விழுந்துட்டு. பாத்தியளா மூஞ்சிய? எங்க சித்திக்கும் இப்டித்தான் மினுமினுன்னு இருந்துச்சு. ஒரு வாரங்கூடத் தாங்கல” என்றாள்.

“ஒரு பொம்பள சிரிச்சா ஒங்களுக்கெல்லாம் பொறுக்காதே மதினி. அழுதா மட்டும் சுத்தி உக்காந்துக்கிடுவீய” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த மதினி என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. சகுனம் பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். படித்த திமிர் என்றால் அப்படியே இருக்கட்டும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். ஊரில் எல்லாரும் துரைசாணியம்மா என்பார்கள். நன்றாகத் தமிழ் பேசுவார், பைபிள் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி. சாரல் காலத்தில் ஒவ்வோர் ஆசிரியை வீட்டுக்கும் ஒருமுறை வந்துபோவது அவர் வழக்கம். முந்தைய வருஷங்களில் அத்தை அவரை முன்கட்டிலேயே உட்கார வைத்துத் தனி டம்ளரில் காப்பி கொடுத்து அனுப்புவாள். அவர் போன பிறகு அந்த டம்ளரை மூன்று முறை கழுவுவாள். இந்தத் தடவை வாசலுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இரண்டாம்கட்டுக்கே இழுத்து வந்தாள். பலகை போட்டு, தன் கையால் பால்கொழுக்கட்டை வைத்தாள். “எம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்கா, பாவம்” என்று சொல்லி அவர் கன்னத்தைத் தடவினாள். அப்புறம் வழக்கம்போல அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

துரைசாணியம்மா கொழுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார். சிவந்த முகம் வெளிறிப்போயிற்று. அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. நான் பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது.

“அப்படியென்றால் என்ன?” என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

“ஒன்றுமில்லை. அது எங்கள் ஊர்ப் பேச்சு. மறந்துவிடுங்கள்” என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

என்னிடம் ஒன்றை மறந்துவிடு என்று சொல்வது வீண்வேலை. திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய், சொன்னால்தான் வகுப்புக்குப் போவேன் என்று நின்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய சித்தப்பா ஒருவர் மலைப்பக்கத்தில் ஆடு வளர்த்தவராம். வாழ்நாள் முழுவதும் உம்மென்று இருந்த மனிதர். ஒருநாள் காலையில் பனியில் நின்று தனியாக ஆடினாராம். பார்த்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தாராம். தன் நாயைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். வீட்டுப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, துக்கத்துக்குப் போடும் கறுப்பு உடுப்பை எடுத்து வெயிலில் போட்டார்களாம். அந்த வாரத்துக்குள் அவர் போய்விட்டார்.

“இது மிகவும் பழைய சொல்” என்றார். “சாவுக்கென்று குறிக்கப்பட்டவர் என்று அர்த்தம். அப்படிக் குறிக்கப்பட்ட ஒருவர் காரணம் இல்லாமல் களிகூருவார். அந்தக் களிப்பையும் சேர்த்து நாங்கள் அப்படிச் சொல்லுவோம். இப்போது லண்டனில் இருக்கிறவர்கள், தேவதைபோல இருக்கிறவள், கனவில் நடக்கிறவள் என்று சொல்வதற்கு இதை எழுதுகிறார்கள். அவர்கள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.”

பிற்பாடு பெரிய அகராதிகளில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பழைய ஆங்கிலத்தில் அது விதி முடிந்தவனைக் குறித்தது. தெற்கே வழக்கொழிந்த பிறகும் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள். ஃபேரி என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் ஒன்று ஒலியில் கிட்டத்தட்ட இதேபோல் இருக்கிறது. அதன் சாயல் வந்து ஒட்டியதால்தான் இந்தத் தேவதைப் பொருள். ஜெர்மன்காரர்களிடம் இதே வேர் கோழை என்ற அர்த்தத்தில் போய் நின்றுவிட்டது. இதெல்லாம் பின்னால் சாவகாசமாகப் படித்தது. அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“அப்படி ஒருவரைப் பார்த்தால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?”

“ஒன்றும் செய்யமாட்டோம். கதவைத் திறந்து வைப்போம்” என்றார் அவர்.

ஒன்றையொன்று கண்ணால் பார்த்திராத இரண்டு ஊர், ஸ்காட்லாந்து மலையும் எங்கள் தெருவும், போயும் போயும் இந்த ஒரு விஷயத்திலா ஒத்துப்போக வேண்டும்! மதினி சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளினேன். அதையே ஒரு வெள்ளைக்காரி ஆங்கிலத்தில் சொன்னதும் நம்பிவிட்டேன். என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான். ஆனால் பயம் என்னவோ நிஜம். இருபத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு ஓர் அம்மா கிடைத்திருக்கிறாள், அவளைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்தபோது பள்ளிக்கூட மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் தலை வாரும்போது, “அத்தை, ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றேன்.

“எனக்கென்னட்டி? காத்து மாரி இருக்கு” என்றாள். சீப்பு என் தலையில் ஓடுவது தெரிந்தது. கையின் கனம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாமா என்னையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். தெருவில் பேசிக்கொள்வது அவர் காதுக்கும் போயிருந்தது. அவர் சொன்னது இதுதான்: “ஆளுக்கொண்ணு சொல்லுதானுவ. சாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது பித்து. தலைக்குச் சூடு ஏறியிருக்கு. அருவில கொண்டுபோயி நிறுத்துனா எறங்கிரும்.”

குற்றாலத்துக்கு அப்போது அப்படி நிறையப் பேரைக் கொண்டுவருவார்கள். புத்தி பேதலித்தவர்களைத் தலையில் எண்ணெயை வழிய ஊற்றி, பேரருவியின் கீழே பிடித்து நிறுத்துவார்கள். தெளிந்து போனவர்களும் உண்டு என்பார்கள். மாமா முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் என்னைப்போலவே பயம். சாவு என்றால் வைத்தியம் கிடையாது. பித்து என்றால் மூன்று மைலில் அருவி இருக்கிறது. அதனால் பித்து என்று முடிவு செய்துவிட்டார்.

“நீ என்ன சொல்லுத? நீதான் படிச்சவ” என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

“போவோம்” என்றேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அவள் உயிரோடு வேண்டும்.

அத்தை அதை உல்லாசப் பயணம் என்று எடுத்துக்கொண்டாள். விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறி, வாழையிலையில் கட்டினாள். வில்வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டே வந்தாள். மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. இலஞ்சி தாண்டும்போது மலையைக் கைகாட்டி, “அங்கன பாரு, கூப்பிடுதாவ” என்றாள்.

“யாரு அத்தை?”

“தெரியலியே. எல்லாரும் கைய காட்டுதாவ” என்று சொல்லி இவளும் கையை ஆட்டினாள். மாமா வண்டிக்காரரை விரட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அருவியில் தண்ணீர் நிறைய விழுந்தது. பெண்கள் பக்கத்தில், இப்படிக் கொண்டுவரப்படுகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆண்பிள்ளைபோல் தோள். ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் காலில் சங்கிலியோடு கூட்டி வந்திருந்தார்கள். அவள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அந்தச் சங்கிலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். எண்ணெய் வைத்தது நான்தான். அவள் முடி அவ்வளவு மெல்லியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தப் பெண்கள் இரண்டு பக்கமும் வந்து கையைப் பிடித்ததும் என்னைப் பார்த்தாள். “ஏட்டி, இவளுவ எதுக்கு என்னைப் புடிக்காளுவ?”

“வழுக்குமுல்லா அத்தை, அதுக்குத்தான்.”

“சரிட்டி” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

தண்ணீருக்குள் நுழைந்த பிறகும் அந்தச் சிரிப்பு கேட்டது. அருவிக்குக் கீழே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. ஆனால் அவள் சிரிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வெள்ளைத் தண்ணீருக்குள் மூன்று உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. நடுவில் இருந்த உருவம் குதித்துக்கொண்டிருந்தது. வெளியே இழுத்து மூச்சுவிட வைத்து மறுபடி உள்ளே தள்ளினார்கள். மறுபடியும் சிரிப்பு. நான் ஈரப்பாறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு கேட்கும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. அப்புறம் அது கேட்கவில்லை. அருவி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் நின்ற உருவம் ஆடாமல் அசையாமல் நின்றது. நான் “அத்தை!” என்று அலறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன்.

“தெளிஞ்சிட்டு! தெளிஞ்சிட்டு!” என்று அந்தப் பெண்களில் ஒருத்தி கத்தினாள்.

வெளியே கொண்டுவந்தார்கள். உயிரோடுதான் இருந்தாள். கோடுகள் எல்லாம் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தன. பற்கள் கிடுகிடுவென்று ஆடின. என்னைப் பார்த்து, “துண்டு எங்க?” என்றாள். புளியும் பருப்பும் கேட்கிற அதே குரல்.

மாமா அங்கேயே ஒரு பாட்டம் அழுதார். திரும்பும் வழியில் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். எதிர்வீட்டு மதினிக்கும் போயிற்று. அத்தை இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். எழுந்ததும், கொடுத்த சேலைகளைத் திருப்பி வாங்க முடியுமா என்று விசாரித்தாள். அவள் நடந்து வரும் சத்தம் கேட்டு மாமா மறுபடியும் செய்தித்தாளை மடித்து வைத்தார். துரைசாணியம்மாவிடம் போய், “உங்கள் சொல் பொய்த்துவிட்டது” என்று சொன்னேன். அவர், “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றார். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் காலை, சீப்பும் எண்ணெய்க் கிண்ணமுமாக இரண்டாம்கட்டில் போய் உட்கார்ந்தேன். அத்தை குறுக்கே போனாள், வந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் எதிரே வந்து நின்றாள். கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன். கோபம் இல்லை. துக்கம் சொல்ல வந்தவர்கள் பேசுகிற மாதிரி தணிந்த குரலில் பேசினாள்.

“எதுக்கு இங்கன உக்காந்திருக்க? ஒனக்குத் தல வாரினவ அங்கனயே போயிட்டா. தண்ணிக்குள்ள என் கையைப் புடிச்சிருந்தா, விட்டுட்டா. இனிம தேடாத.”

 நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். எங்களில் சாவுச் செய்தி கேட்டால் தலைமுழுகுவார்கள். கட்டின சேலையோடு நின்று வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அழுதது தண்ணீரோடு போயிற்று. நிமிர்ந்தபோது அத்தை கிணற்றடிக்கு வந்திருந்தாள். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. என் கையிலிருந்த வாளியை வாங்கி, தானும் ஒரு வாளி இறைத்து, கொண்டையை அவிழ்த்துத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள்.